போகலாம், நிற்கக் கூடாது

1939 டிசம்பரில் ஃப்ரெட் எட்வர்ட்ஸ் என்பவர் கலிஃபோர்னியாவின் மேரிஸ்வில் நகரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு டெக்சாஸ் மாநிலத்தின் ஸ்பர் என்ற சிற்றூருக்குப் போனார். அவருடைய மனைவியின் உடன்பிறந்தவர் ஃப்ராங்க் டங்கன் அங்கே வேலையின்றி இருந்தார். அவரை அழைத்துவரத்தான் இந்தப் பயணம். புறப்படும்போது டங்கனிடம் சுமார் 20 டாலர் இருந்தது. மேரிஸ்வில் வந்துசேர்வதற்குள் அதுவும் தீர்ந்துவிட்டது. பத்து நாள் போல எட்வர்ட்ஸ் வீட்டில் இருந்தார், அதன் பிறகு மத்திய அரசின் உதவி கிடைத்தது. நடந்தது இவ்வளவுதான். இதற்காக எட்வர்ட்ஸ் மீது வழக்குப் போட்டார்கள். வெளி மாநிலத்து ஏழை என்று தெரிந்தே ஒருவரைக் கலிஃபோர்னியாவுக்குள் கொண்டுவருவது அந்த மாநிலச் சட்டப்படி குற்றம். ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்த நீதிமன்றம், அதை நிறுத்திவைத்தது. எட்வர்ட்ஸ் மேல்முறையீடு செய்தார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று.

வீடும் காசும் இல்லாமல் அமெரிக்காவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை அலைந்தவர்களின் வரலாற்றில் நடுநாயகமான வழக்கு இது. அந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க ஒன்று தெளிவாகிறது. முன்பின் தெரியாதவருக்குச் சாப்பாடு போட்டவர்களும், வண்டியில் ஏற்றிக்கொண்டவர்களும், வைக்கோல் போரில் படுக்க இடம் விட்டவர்களும் எந்தக் காலத்திலும் இருந்தார்கள். அந்த இரக்கம் ஒருபோதும் முழுதாக வற்றவில்லை. அலைந்தவர்களுக்குக் கிடைக்காமல் போனது ஓரிடத்தில் தங்கும் உரிமை. அடுத்த ஊருக்குப் போ என்று சொல்ல எல்லா ஊருக்கும் சட்டம் இருந்தது. இங்கே இரு என்று சொல்ல எந்தச் சட்டமும் இல்லை.

இதன் வேர் இங்கிலாந்தில். 1601-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், ஒவ்வொரு திருச்சபை வட்டாரமும் தன் ஏழைகளைத் தானே காக்க வேண்டும் என்றது. கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் தன் ஏழைகள் யார் என்று வரையறுக்கும்போதே அடுத்த ஊர் ஏழை வெளியே தள்ளப்பட்டுவிடுகிறார். 1662-இல் வந்த குடியிருப்புச் சட்டம் இதை வெளிப்படையாகவே செய்தது. ஆண்டுக்குப் பத்து பவுண்டுக்குக் குறைந்த வாடகை வீட்டில் ஒருவர் புதிதாகக் குடிவந்தால், அவர் பின்னால் ஊருக்குப் பாரமாகக்கூடும் என்று தோன்றினாலே போதும். 40 நாளுக்குள் இரண்டு நீதிபதிகளின் உத்தரவோடு அவரைப் பழைய ஊருக்குத் திருப்பி அனுப்பலாம். குடியேற்றக்காரர்கள் அட்லாண்டிக்கைக் கடந்தபோது இந்தச் சட்டமும் கூடவே கப்பலேறியது.

இந்தியாவுக்கும் அந்தச் சிந்தனை வந்தது. பிழைப்புத் தேடி அலைந்த வெள்ளைக்கார ஏழைகளைப் பிடித்து அடைக்க 1874-இல் ஐரோப்பிய அலைவோர் சட்டம் என்றே ஒன்றை இங்கே பிரிட்டிஷ் அரசு இயற்றியது. 1945-இல் சென்னை மாகாணத்தில் வந்த பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டத்திலும் அதே சிந்தனையின் சாயலைக் காணலாம். ஆகவே இது எங்கோ தூரதேசத்துக் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

அமெரிக்காவில் இந்தப் பழைய சட்டத்துக்குப் புதுக் கூர் தீட்டியது ரயில். 1869-இல் இரண்டு கடற்கரைகளையும் இணைத்து இருப்புப்பாதை முடிந்தது. நான்கே ஆண்டுகளில், 1873-இல், வங்கிகள் சரிந்து பெரும் மந்தம் வந்தது. உள்நாட்டுப் போரில் கூட்ஸ் வண்டிகளில் ஊர் ஊராய்ப் போய்ப் பழகியிருந்த முன்னாள் சிப்பாய்களும், வேலை இழந்த ஆலைத் தொழிலாளர்களும் அதே வண்டிகளில் ஏறினார்கள். கோதுமை அறுவடைக்கு ஒரு மாநிலம், மரம் வெட்ட ஒரு மாநிலம், ஆப்பிள் பறிக்க இன்னொன்று என்று அந்த நாட்டின் பொருளாதாரமே அலையும் கைகளை நம்பியிருந்தது. அறுவடை முடிந்த மறுநாள் அதே கைகள் ஊருக்கு ஆகாதவை ஆகிவிடும். 1876-இல் நியூ ஜெர்சி மாநிலம் நாடோடிகளுக்கு எதிராகத் தனிச் சட்டம் போட்டது. இருபது ஆண்டுகளுக்குள் பெரும்பாலான மாநிலங்களில் அப்படிப்பட்ட சட்டங்கள் வந்துவிட்டன. கையில் காசில்லாமல், வேலையில்லாமல், சொந்த ஊருக்கு வெளியே இருப்பதே அந்தச் சட்டங்களின்படி குற்றத்துக்குப் போதுமான சான்று.

ஹோபோக்கள் என்று அழைக்கப்பட்ட இந்த அலையும் தொழிலாளர்கள் ரயிலேறிய விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இது ஏதோ சாகசப் பயணம் என்ற எண்ணம் வந்துவிடும். வண்டி யார்டை விட்டு வெளியேறி வேகமெடுக்கத் தொடங்கும் இடத்தில் புதருக்குள் காத்திருப்பார்கள். கூடவே ஓடி, பெட்டியின் முன்பக்க ஏணியைப் பிடிக்க வேண்டும். முன்பக்க ஏணியில் பிடி தவறினால் உடல் பெட்டியின் பக்கவாட்டில் மோதித் தரையில் விழும், பிழைக்க வழியுண்டு. பின்பக்க ஏணியைப் பிடித்தால் வண்டியின் வேகம் உடலைச் சுழற்றி இரண்டு பெட்டிகளுக்கு நடுவே வீசிவிடும். மூடிய பெட்டிக்குள் ஏறியவர்கள் கதவின் சறுக்குப் பாதையில் தண்டவாள ஆணி ஒன்றைச் செருகிவைப்பார்கள். வண்டி குலுங்கிக் கதவு தானாகச் சாத்திக்கொண்டு வெளியே தாழ் விழுந்துவிட்டால், உள்ளே இருப்பவர்கள் ஏதோ ஓர் ஒதுக்குப்புறப் பாதையில் தண்ணீரின்றிச் சாக வேண்டியதுதான். பழைய மரப்பெட்டிகளின் அடிவயிற்றில் ஓடும் இரும்புக் கம்பிகளின் மேலும் படுத்துப் போனார்கள். அவர்களை விரட்ட ரயில்வே ஆட்கள் கண்டுபிடித்த முறை கொடுமையானது: கனத்த இரும்பு முளை ஒன்றைக் கயிற்றில் கட்டி ஓடும் வண்டிக்கு அடியில் விடுவார்கள். அது கட்டைகளில் மோதி மேலே எகிறிக் கீழே படுத்திருப்பவரின் உடம்பில் திரும்பத் திரும்ப அடிக்கும்.

1901 முதல் 1905 வரையிலான ஐந்தாண்டுகளில் அமெரிக்க ரயில் பாதைகளில் அத்துமீறி நுழைந்தவர்கள் என்று கணக்கெழுதப்பட்டவர்களில் ஏறத்தாழ 24,000 பேர் இறந்தார்கள். இவர்கள் அத்தனை பேரும் ஹோபோக்கள் அல்லர். தண்டவாளத்தைக் குறுக்கே கடந்த ஊர்க்காரர்களும் இதில் அடக்கம். ஆனாலும் கணிசமானவர்கள் ஓசிப் பயணிகள்தான். பலரைப் பெயர் தெரியாமலே புதைத்தார்கள்.

வண்டியிலிருந்து இறங்கியதும் வயிறு. எழுத்தாளர் ஜாக் லண்டன் இதைப் பற்றி 1907-இல் வெளியிட்ட 'தி ரோட்' என்ற நூலில் விரிவாகவே எழுதியிருக்கிறார். பதினெட்டு வயதிலேயே நாடு முழுக்கக் கூட்ஸ் வண்டியில் திரிந்தவர் அவர். வீட்டு வாசலுக்குப் போகக் கூடாது, கொல்லைக் கதவைத்தான் தட்ட வேண்டும். கதவு திறக்கும் அந்தக் கண நேரத்தில், எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்து, எந்தக் கதை எடுபடும் என்று தீர்மானித்தாக வேண்டும். தாயாக இருந்தால் தாயற்ற பிள்ளையின் கதை. வேலையைப் பற்றி உபதேசிப்பவராக இருந்தால் வேலை தேடிப் போகும் இளைஞனின் கதை. சொல்லும் விவரம் ஒன்று பிசகினாலும் கதவு சாத்தப்படும். தன்னைக் கதைக்காரன் ஆக்கியதே இந்தப் பயிற்சிதான் என்கிறார் லண்டன். இன்னொன்றும் சொல்கிறார்: நடுத்தர வீடுகள் கைவிட்டாலும் பரம ஏழைகளின் வீடுகள் கைவிட்டதில்லை. பசித்தவனின் கடைசிப் புகலிடம் அவர்கள்தான். தங்களுக்கே போதாததிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்.

லண்டனின் இந்தப் பக்கங்களை விமரிசகர்கள் இலக்கியப் பிறப்பின் கதையாகவே பெரும்பாலும் வாசிக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய துயரம் ஒன்று தெரிகிறது. அந்நியர் இரக்கத்தை நம்பி வாழ்பவர் ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் தன் வாழ்க்கையைப் புதிதாகப் புனைந்து சொல்ல வேண்டியிருந்தது. உண்மையான கதை பெரும்பாலும் எடுபடாது. வேலை தேடினேன், கிடைக்கவில்லை என்பதில் கேட்பவரைக் கலங்கவைக்க என்ன இருக்கிறது? பேச்சுத் திறமை இருந்த பையன் சாப்பிட்டான். திக்குவாய்க்காரரும், மனநிலை குழம்பியவரும், ஆங்கிலம் தெரியாத ஸ்லாவியக் குடியேறியும் அதே கதவை அதே பசியோடு தட்டினார்கள்.

லண்டனுக்கே கதை பலிக்காத இடமும் வந்தது. 1894 ஜூனில் நயாகரா அருவியைப் பார்த்துவிட்டு நின்றவரை அலைந்து திரிந்த குற்றத்துக்காகக் கைது செய்தார்கள். நீதிபதி வரிசையாக நின்ற ஹோபோக்களுக்குத் தலைக்குச் சில விநாடிகள் வீதம் ஒதுக்கி முப்பது நாள், முப்பது நாள் என்று சொல்லிக்கொண்டே போனார். வாயைத் திறக்க விடவில்லை. ஈரி மாவட்டச் சிறையில் அந்த ஒரு மாதம் பார்த்ததில் சிலவற்றை அச்சில் எழுதவே முடியாது என்று அவர் பின்னால் குறிப்பிட்டார்.

ஊருக்கு வெளியே, ரயில் சந்திப்புக்கு அருகில், தண்ணீர் கிடைக்கும் இடமாகப் பார்த்து ஹோபோக்கள் முகாமிட்டார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ஜங்கிள். தானே ஹோபோவாக இருந்து பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த நெல்ஸ் ஆண்டர்சன், 1923-இல் எழுதிய 'தி ஹோபோ' என்ற ஆய்வில் ஜங்கிளின் எழுதப்படாத விதிகளைப் பதிவு செய்திருக்கிறார். விறகு பொறுக்காமல் சமைக்கக் கூடாது. சமைத்த பாத்திரத்தைக் கழுவாமல் போகக் கூடாது, அடுத்து வருபவருக்கு வேண்டும். சாப்பாட்டை வீணாக்கக் கூடாது. போலீஸ் வரக்கூடிய இடத்தில் இரவில் தீ மூட்டக் கூடாது. தூங்குபவரிடம் திருடக் கூடாது. ஒருவர் உருளைக்கிழங்கு, ஒருவர் வெங்காயம், ஒருவர் கசாப்புக் கடையில் கேட்டு வாங்கிய எலும்பு என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து தகர டின்னில் கொதிக்கவைப்பார்கள். முகம் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் நம்பி நடத்திய இந்தக் கூட்டுச் சமையல் மரியாதைக்குரியது. விதிகளில் இன்னொன்றும் உண்டு: ஜங்கிளையே நிரந்தர வீடாக்கிக்கொள்ளக் கூடாது. தங்க இடமில்லாதவர்கள் தங்களுக்கென்று அமைத்த ஒரே இடத்திலும் தங்கக் கூடாது என்ற விதி நுழைந்திருந்ததைக் கவனிக்க வேண்டும்.

வேலிகளிலும் கதவுகளிலும் ஹோபோக்கள் சாக்கட்டியால் இரகசியக் குறிகள் போட்டார்கள், பூனைப் படம் என்றால் இரக்கமுள்ள பெண்மணி என்று பொருள் என்றெல்லாம் ஒரு செய்தி புழங்குகிறது. பரவலாக அப்படியொரு குறிமொழி இருந்ததற்கு நேரடிச் சான்று மிகக் குறைவு. தண்ணீர்த் தொட்டிகளில் தங்கள் பட்டப்பெயரையும் தேதியையும் போகும் திசையையும் கீறிவைத்ததற்குத்தான் உறுதியான சான்று இருக்கிறது. பூனைப் படம் மனத்தைக் கவர்வதால் அது நிலைத்துவிட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் வெள்ளைக்கார ஆண்களின் அனுபவம். தெற்கு மாநிலங்களில் அலைவுச் சட்டத்துக்கு வேறு முகம் இருந்தது. அடிமைமுறை முடிந்த 1865-ஆம் ஆண்டே மிசிசிப்பி மாநிலம் புதுச் சட்டம் இயற்றியது. அடுத்த ஜனவரிக்குள் வேலைக்கான சான்று காட்டாத கறுப்பினத்தவர் அலைவோர் எனக் கருதப்படுவார். அபராதம் கட்ட முடியாவிட்டால், அதைக் கட்டும் வெள்ளைக்காரரிடம் அவருடைய உழைப்பு ஒப்படைக்கப்படும். நடந்து போகும் சுதந்திரம்தான் விடுதலையின் முதல் அடையாளமாக அவர்களுக்கு இருந்தது. அதைத்தான் முதலில் பறித்தார்கள்.

1931 மார்ச் 25 அன்று டென்னசி மாநிலத்துச் சட்டனூகாவிலிருந்து மெம்ஃபிஸ் நோக்கிப் போன கூட்ஸ் வண்டியில் கறுப்பினப் பையன்களும் வெள்ளைப் பையன்களும் ஏறியிருந்தார்கள். பலர் வேலை தேடிப் போனவர்கள். கைகலப்பு மூண்டு, வெள்ளைப் பையன்கள் இறக்கிவிடப்பட்டார்கள். அலபாமாவின் பெயின்ட் ராக் நிலையத்தில் ஆயுதம் தாங்கிய கூட்டம் வண்டியை நிறுத்தி ஒன்பது கறுப்பினச் சிறுவர்களையும் இளைஞர்களையும் பிடித்தது. அதே வண்டியில் ஓசிப் பயணம் செய்த இரண்டு வெள்ளைப் பெண்கள், தங்களை இவர்கள் பலாத்காரம் செய்ததாகக் குற்றம் சாட்டினார்கள். அந்தப் பெண்களுமே அலைவுக் குற்றத்துக்குக் கைதாகும் நிலையில் இருந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பதினைந்து நாளுக்குள் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. பிறகு இருவரில் ஒருத்தி, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நீதிமன்றத்திலேயே சொன்னாள். ஸ்காட்ஸ்பரோ வழக்கு என்று உலகறிந்த அந்த வழக்கில் மரண தண்டனை நிறைவேறவில்லை. ஆனால் பலரின் இளமை முழுக்கச் சிறையில் கழிந்தது. ஒரே மாதிரி வண்டி, ஒரே மாதிரி ஓசிப் பயணம். ஒருவருக்கு அது எழுத்தாளன் ஆகும் பயிற்சி, இன்னொருவருக்கு மரண தண்டனை. அந்நியரின் இரக்கத்தைப் பற்றி யார் எழுதினாலும் அது யாருடைய முகத்துக்குக் கிடைத்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பெருமந்தம் பிடித்த முப்பதுகளில் இந்த நகர்வு வெள்ளமாகப் பெருகியது. மிசௌரி பசிபிக் ரயில்வேயின் காவல் அதிகாரி செனட் குழுவிடம் தந்த கணக்கு இது: 1929-இல் அவர்களின் வண்டிகளில் எண்ணப்பட்ட ஓசிப் பயணிகள் 13,745; 1931-இல் 1,86,028. சதர்ன் பசிபிக் நிறுவனம் 1932-இல் மட்டும் 6,83,457 முறை ஆட்களை வண்டியிலிருந்து இறக்கிவிட்டது. ஒரே ஆள் பல முறை எண்ணப்பட்டிருப்பார். அப்படிப் பார்த்தால் கணக்கு இன்னும் மனத்தை உறுத்துகிறது: இறக்கிவிட்ட இடத்தில் தங்க முடியாததால்தானே அவர் மறுபடி ஏறினார்? நாடு முழுக்க அலைந்தவர்களில் சுமார் இரண்டரை லட்சம் பேர் இருபது வயது நிரம்பாதவர்கள் என்பது அக்கால மதிப்பீடு. மினசோட்டா பல்கலைக்கழகச் சமூகவியலாளர் தாமஸ் மினஹன் கந்தல் உடுத்தி அவர்களோடு திரிந்து 1934-இல் ஒரு நூல் எழுதினார். வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று தாங்களாகவே கிளம்பிவந்த பிள்ளைகள் பலர் அதில் வருகிறார்கள்.

ஊர்கள் அவர்களுக்கு ஓர் இரவு இடம் கொடுத்தன; சில இடங்களில் சிறைக் கொட்டடியே அந்த இடம். காலையில் காப்பியும் ரொட்டியும் கொடுத்து எல்லையில் கொண்டுபோய் விட்டார்கள். தர்ம விடுதிகளில் பிரசங்கம் கேட்ட பிறகுதான் சூப். இதற்கு நேர்மாறாக ஒரு முயற்சியும் இதே காலத்தில் எழுந்தது. 1933-இல் டாரத்தி டேயும், கூலி வேலை செய்து அலைந்து திரிந்த பிரெஞ்சு விவசாயி மகன் பீட்டர் மோரினும் நியூயார்க்கில் கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். வருபவரிடம் கதை கேட்காமல், உபதேசிக்காமல், விருந்தாளியாக உட்காரவைக்கும் வீடுகளை நடத்தினார்கள். அவற்றில் சில இன்றும் நடக்கின்றன. ஆனால் லட்சக்கணக்கானோர் தெருவில் நிற்கும்போது அப்படிப்பட்ட வீடுகள் எத்தனை பேருக்குப் போதும்?

அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு அதே 1933-இல் இதைத் தன் பொறுப்பாக ஏற்றது. ஹாரி ஹாப்கின்ஸ் தலைமையில் அமைந்த நிவாரண நிர்வாகம், ஒரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதம்கூடத் தொடர்ந்து வசிக்காதவர்களுக்கென்று தனித் திட்டம் கொண்டுவந்தது. சாப்பாடு, படுக்கை, மருத்துவம், கொஞ்சம் வேலை. உச்ச நிலையில் ஒரே சமயத்தில் மூன்று லட்சம் பேர் வரை அதில் இருந்தார்கள். எந்த ஊரைச் சேர்ந்தவர் என்று பாராமல், நாட்டின் குடிமகன் என்ற ஒன்றைப் பார்த்து வழிப்போக்கருக்கு அரசு உதவிய அபூர்வமான தருணம் அது. இரண்டே ஆண்டுகளில், 1935 செப்டம்பரில், புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். வேலை தரும் திட்டங்கள் இவர்களை ஏற்றுக்கொள்ளும் என்று சொல்லப்பட்டது. பெரும்பாலானோரை அவை ஏற்றுக்கொள்ளவில்லை.

ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைத் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ் தன் போலீஸார் 136 பேரைக் கலிஃபோர்னியாவின் எல்லைச் சாவடிகளுக்கு அனுப்பினார். ஒரு நகரத்துப் போலீஸ், நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, தன் அதிகாரம் செல்லாத மாநில எல்லையில் நின்று, கையில் பணமில்லாத அமெரிக்கர்களைத் திருப்பி அனுப்பியது. சில வாரங்களுக்குப் பிறகு எதிர்ப்பு வலுத்துக் கைவிட்டார்கள். பாடகர் வுடி கத்ரி இதைப் பாட்டாக்கினார். ஆனால் எட்வர்ட்ஸைக் குற்றவாளியாக்கிய சட்டம் புத்தகத்தில் அப்படியே இருந்தது.

1941 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பர்ன்ஸ். ஏழைகளை ஒழுக்கக் கேட்டின் கொள்ளைநோய் போலப் பார்த்த 1837-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றின் மனப்போக்கை அவர் வெளிப்படையாக நிராகரித்தார். வறுமையும் ஒழுக்கக்கேடும் ஒன்றல்ல என்று தெளிவாக எழுதினார். ஆனால் ரத்துக்கு அவர் சொன்ன காரணம், மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைக் கலிஃபோர்னியா தடுக்கிறது என்பது. மனிதர் எல்லை கடப்பதும் வணிகம் என்ற கணக்கு. நீதிபதி ராபர்ட் ஜாக்சன் முடிவை ஏற்றார், காரணத்தை ஏற்கவில்லை. வணிகச் சட்டத்தின் அளவுகோலால் மனித உரிமையை அளந்தால் இரண்டுமே திரிந்துபோகும் என்று தனியாக எழுதினார். ஒருவரிடம் சொத்து இருக்கிறதா என்பதை வைத்து அவருடைய குடியுரிமையைச் சோதிக்கக் கூடாது என்பது அவர் வாதம். அவர் சொன்னதுதான் சரி என்று நான் நினைக்கிறேன்.

பின்னால் வந்த தீர்ப்புகள் சில அவர் காட்டிய பக்கம் நகர்ந்தன. 1969-இல், நிவாரணம் பெற ஓராண்டு குடியிருந்திருக்க வேண்டும் என்ற விதிகள் செல்லாது என்றானது. 1972-இல் ஜாக்சன்வில் நகரின் அலைவுச் சட்டம், எது குற்றம் என்றே தெளிவில்லாதது என்று ரத்தானது. அதோடு பழைய பாணி அலைவுச் சட்டங்களின் காலம் முடிந்தது. ஏழை அமெரிக்கர் நாட்டின் எந்த எல்லையையும் கடக்கலாம். கடந்த பின் எங்கே படுப்பது என்பதற்கு எந்தத் தீர்ப்பும் பதில் சொல்லவில்லை.

இதே காலத்தில் ஒரு பெண் அந்த நாட்டை நடந்தே அளந்தார். 1953-இன் முதல் நாள் கலிஃபோர்னியாவின் பசடீனாவில் புறப்பட்ட மில்ட்ரெட் நார்மன், பெயரைத் துறந்து அமைதி யாத்ரீகர் என்று மட்டுமே அழைக்கப்பட விரும்பினார். கையில் காசு வைத்துக்கொள்ளவில்லை. யாராவது இடம் கொடுக்கும்வரை நடப்பது, சாப்பாடு கொடுக்கும்வரை பட்டினி இருப்பது என்பது அவர் நோன்பு. யாரிடமும் கேட்கவும் மாட்டார். 1964-இல் 25,000 மைல் ஆனதும் மைல் கணக்கு வைப்பதை நிறுத்தினார். 1981-இல் ஒரு கார் விபத்தில் இறக்கும்வரை யாத்திரை தொடர்ந்தது. மூன்று நான்கு வேளைக்கு மேல் தான் பட்டினி கிடக்க நேர்வது அரிது என்று அவர் சொல்லிவந்தார். அவரை நான் மதிக்கிறேன். ஆயினும் அவர் மேலங்கியின் நெஞ்சில் பெரிய எழுத்தில் அந்தப் பெயர் எழுதப்பட்டிருந்தது. பார்த்தவர்களுக்கு அவர் யார், எதற்காக நடக்கிறார் என்று கதவைத் தட்டாமலே தெரிந்துவிட்டது. அவரே தேர்ந்துகொண்ட வறுமை அது, நினைத்தால் விட்டுவிடலாம். வேலை போய், வாடகை கட்ட முடியாமல் தெருவுக்கு வந்த பெண் அதே சாலையில் அதே களைப்போடு நடந்துபோனால், அவர் நெஞ்சில் அப்படி எதை எழுதுவது?

2024 ஜனவரியில் ஓர் இரவில் எடுத்த அரசுக் கணக்கெடுப்பில் அமெரிக்காவில் 7,71,480 பேர் வீடற்றவர்கள். அதே ஆண்டு ஜூனில் உச்ச நீதிமன்றம் கிரான்ட்ஸ் பாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. ஒரிகன் மாநிலத்துச் சிறுநகரம் அது. பூங்காவில் போர்வை விரித்துப் படுத்தால் அங்கே 295 டாலர் அபராதம் விதித்தார்கள், கட்டத் தவறினால் 537 டாலர். ஊரில் பெரியவர்களுக்கு இருந்த தங்குமிடம் ஒரு மத விடுதி. வழிபாட்டில் கலந்துகொண்டால்தான் அங்கே இடம் கிடைத்தது. முப்பதுகளின் சூப்பும் பிரசங்கமும் அப்போதும் மாறியிருக்கவில்லை. 2013-இல் நடந்த நகரசபைக் கூட்டமொன்றில், நம் ஊரில் இவர்களுக்கு வசதிக்குறைவை உண்டாக்கினால் சாலையைப் பார்த்துப் போய்விடுவார்கள் என்ற பொருளில் சபைத் தலைவர் பேசியது வழக்கின் ஆவணத்திலேயே இருக்கிறது. ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நகரத்தின் விதி செல்லும் என்றது நீதிமன்றம். அதைத் தொடர்ந்து பல மாநிலங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இப்படிப்பட்ட தடைகளைக் கொண்டுவந்தன. வேறு சில நகரங்கள் பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுக்கின்றன. சான் பிரான்சிஸ்கோ 2005-இலிருந்தே இதை ஒரு திட்டமாக நடத்துகிறது. சொந்த ஊரில் காத்திருக்கும் குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தவர்களுக்கு இது நல்ல உதவிதான். காத்திருக்க யாருமில்லாதவருக்கு, 1930-களின் எல்லைச் சவாரிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சோறு போடுபவரையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. 2014 நவம்பரில் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் நகரில் ஆர்னால்ட் அபட் என்ற 90 வயது முதியவர் பூங்காவில் வீடற்றவர்களுக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார். பல ஆண்டுகளாக அவர் செய்துவந்த வேலை அது. நகரம் புதிதாகப் போட்ட விதியை மீறியதாகச் சொல்லி, தட்டைக் கீழே வைக்கச் சொன்னது போலீஸ். சம்மன் கொடுத்தார்கள். அடுத்த சில நாளில் அவர் மறுபடி பரிமாறினார். அதே நகரில் வாரந்தோறும் சாப்பாடு போட்டுவந்த இன்னொரு குழு தொடுத்த வழக்கில், 2018 ஆகஸ்டில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பூங்காவில் பதாகை வைத்து எல்லோரையும் அழைத்து உணவைப் பகிர்ந்துகொள்வது ஒரு கருத்தை வெளிப்படுத்தும் செயல், ஆகவே பேச்சுரிமையின் காப்பு அதற்கு உண்டு என்பது காரணம். பரிமாறியவர்களின் கருத்துக்கு அங்கே காப்பு கிடைத்தது. தட்டை வாங்கிக்கொண்டு போனவர் இரவில் அதே பூங்காவில் படுத்துக்கொள்ளலாமா என்பது அந்த வழக்கில் கேட்கப்பட்ட கேள்வியே அல்ல.